ஊருக்குப் பிடித்தது எனக்குப் பிடிக்கவில்லையே: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1986-லிருந்து 2003 வரை கும்பகோணத்தில் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தேன். வெறும் கேசட்டையும் பாட்டுப் பட்டியல் எழுதிய துண்டுச் சீட்டையும் கொடுத்துவிட்டுப் போனால் இரண்டு நாளில் பதிந்து தருவோம். 60 நிமிடக் கேசட் என்றால் ஒரு பக்கத்துக்கு ஆறு பாட்டு பிடிக்கும். பாட்டெல்லாம் சின்னதாக அமைந்தால் ஏழு. இப்போது அதே இடத்தில் ரீசார்ஜும் ஜெராக்ஸும் ஓடுகிறது. ஆனால் பழைய வாடிக்கையாளர்களும் அவர்கள் பிள்ளைகளும் கல்லா ஓரமாக நின்று பேசுவது மட்டும் நிற்கவில்லை. எங்கே தொடங்கினாலும் பேச்சு சுற்றிச் சுற்றி ஒரே சந்தேகத்துக்குத்தான் வரும். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே எழுதி வைத்திருக்கிறேன்.

"ஊரே கொண்டாடுற பாட்டு எனக்கு மட்டும் பிடிக்கலை. எனக்கு ஏதாவது கோளாறா மாமா?"

கேட்டவன் ஒரு கல்லூரிப் பையன். ரீசார்ஜ் போட வந்த இடத்தில் அவன் போன் அடித்தது. அந்த மாதம் திரும்பிய பக்கமெல்லாம் கேட்ட பாட்டுதான் ரிங்டோன். முகத்தைச் சுளித்துக்கொண்டே எடுத்தான். "பிடிக்காத பாட்டை ஏம்பா வச்சிருக்க?" என்றேன். "செட்ல எல்லாரும் வச்சிருக்காங்க மாமா. நான் வைக்கலைன்னா ஏன்னு கேப்பாங்க."

கோளாறு ஒன்றும் இல்லை. பாட்டு பிடிக்காதது உன் காது சம்பந்தப்பட்டது. 'ஏன்னு கேப்பாங்க' என்பது உன் செட்டு சம்பந்தப்பட்டது. இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டுக்கொண்டால்தான் தலைவலி. வருகிற கேள்விகளில் பாதி அந்த முடிச்சைப் பற்றியதுதான்.

"ரசனைங்கிறது நெஜமாவே ஆளுக்கு ஆள் வேறயா? இல்ல சும்மா பிகு பண்ணிக்கிறதா?"

நாக்கில் ஆரம்பிக்கலாம், அதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1931-இல் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற அமெரிக்க வேதியியலாளரின் ஆய்வகத்தில் பிடிசி என்ற பொடி கொஞ்சம் காற்றில் பறந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர் ஒரே கசப்பு என்றார். ஃபாக்ஸுக்கு எந்த ருசியும் தெரியவில்லை. மற்றவர்களுக்கும் கொடுத்துப் பார்த்தால் சிலருக்குக் கசந்தது, சிலருக்கு ஒன்றுமே தெரியவில்லை. இது பரம்பரையாக வருவது என்று பிறகு கண்டார்கள். 2003-இல் அதற்கான மரபணுவும் கிடைத்தது. ஆக, ஒரே பந்தியில் உட்கார்ந்து பாகற்காய்ப் பிட்லை சாப்பிடும் அண்ணனுக்கும் தம்பிக்கும் வாயில் படுகிற கசப்பே வேறு அளவாக இருக்கலாம். 'அவன் சாப்பிடறான், உனக்கென்ன வந்துச்சு?' என்று அம்மா திட்டியது கொஞ்சம் அநியாயம்தான்.

காதுக்கு அப்படி ஒரு பொடி கிடையாது. என்னிடம் சீட்டுதான் இருந்தது. பதினேழு வருடத்தில் இரண்டு பேர் ஒரே பட்டியலை அச்சாகக் கொடுத்து நான் பார்த்ததில்லை. அந்தந்த மாதத்து ஹிட் பாட்டு நாலைந்து எல்லாச் சீட்டிலும் இருக்கும். மிச்சம் இருக்கிற எட்டுப் பாட்டில்தான் அந்த ஆள் யாரென்று தெரியும்.

"அப்ப ஏன் எல்லாரும் ஒரே மாதிரி பேசுறாங்க? பொய் சொல்றாங்களா?"

பொய் என்று சொல்லிவிட முடியாது. எங்கள் கடைக்கு ஒரு பெரியவர் வருவார், ஊரில் கோயில் காரியமெல்லாம் அவர் பொறுப்பு. "தேவாரம் இருந்தா நல்லதா எடுத்துப் போடுப்பா" என்று நாலு பேர் காதில் விழச் சொல்வார். மடித்துக் கொடுத்த சீட்டைத் திருப்பினால், பின்பக்கம் பென்சிலில் ஐந்து கிளப் டான்ஸ் பாட்டு. மேலே 'பி சைடு' என்று அடிக்கோடு வேறு. எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் தேவாரம் கேட்டதும் நடிப்பில்லை. முதல் பக்கம் தேய்ந்துவிட்டது என்று மறுபடி பதியக் கொண்டுவந்தவர் அவர். ஒரு பக்கத்தைச் சத்தமாகச் சொல்ல முடிந்தது, இன்னொரு பக்கத்தைச் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான்.

இதையே 1950களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் அமெரிக்காவில் கோடு போட்டுக் காட்டினார். ஒரு கோட்டைக் காட்டி, மூன்று கோடுகளில் எது அதே நீளம் என்று கேட்பார். குழந்தைக்கும் தெரியும் விடை. ஆனால் அறையில் இருக்கிற மற்றவர்கள் எல்லோரும் அவர் ஏற்பாடு செய்த ஆட்கள், சொல்லிவைத்தாற்போலத் தப்பாகச் சொல்வார்கள். சோதனைக்கு வந்தவர்களில் நாலில் மூன்று பேர் ஒரு தடவையாவது அந்தத் தப்பான விடையையே சொன்னார்கள். விடையைத் தாளில் தனியாக எழுதச் சொன்னபோது இந்த ஒத்து ஊதுவது வெகுவாகக் குறைந்துவிட்டது. வாய்க்கும் சீட்டுக்கும் உள்ள இந்த வித்தியாசம் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்த எவருக்கும் ஆச்சரியமாக இருக்காது.

"நான் ரசிக்கிறதை இந்த ஊர்ல நான் ஒருத்தன்தான் ரசிக்கிறேன்னு தோணுதே?"

பெரும்பாலும் அது தப்புக் கணக்கு. ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த இரண்டு வாத்தியார்கள் எங்கள் வாடிக்கை. ஒருவர் கணக்கு, இன்னொருவர் வரலாறு. இரண்டு பேரும் தனித்தனியாக வந்து ஐம்பதுகளின் இந்திப் பாட்டாகப் பதியச் சொல்வார்கள். இந்தி எதிர்ப்பு ஊறிய ஊர், அவர்களும் அந்தக் கட்சிக்காரர்கள்தான். பாட்டு மட்டும் விடவில்லை. கணக்கு வாத்தியார் சீட்டைக் கொடுக்கும்போது சொன்னார்: "நம்ம ஸ்டாஃப் ரூம்ல இதெல்லாம் எவன் கேப்பான்?" அடுத்த வாரம் வரலாற்று வாத்தியாரும் கிட்டத்தட்ட அதையே சொன்னார். ஸ்டாஃப் ரூமில் எதிரெதிர் மேஜையாம்.

நான் வாயைத் திறக்கவில்லை. ஒருவர் சீட்டை இன்னொருவரிடம் சொல்வதில்லை என்பது தொழிலில் ஒரு கட்டுப்பாடு. ஆஷின் சோதனையில் இன்னொரு சேதியும் உண்டு. அறையில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொல்லிவிட்டால் போதும், சோதனைக்கு வந்தவரும் பெரும்பாலும் தைரியமாகத் தன் விடையைச் சொல்லிவிடுகிறார். பத்துப் பேர் வேண்டாம், ஒரு ஆள் போதும்.

"நல்லா இருக்கு, அதனால ஓடுது. இதுல ஆராய என்ன இருக்கு?"

இதற்கு முதலில் ஒரு வாக்குமூலம். கடை வாசலில் ஒரு கரும்பலகை மாட்டியிருந்தேன். 'இந்த வார டாப் 10'. வெள்ளிக்கிழமை காலையில் எழுதுவேன். யார் கணக்கெடுத்தார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. நான்தான், டீ குடித்துக்கொண்டே. ஒரு தடவை இருபது கேசட் விற்காமல் தேங்கிவிட்டது. அந்தப் படத்துப் பாட்டை மூன்றாம் இடத்தில் எழுதினேன். புதன்கிழமைக்குள் தீர்ந்துபோனது. வியாழக்கிழமை ஒருவர் வந்து, "எல்லாரும் கேக்குறாங்களாமே, இருக்கா?" என்றார்.

மேத்யூ சால்கனிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் என்ற மூவர் இதைப் பெரிய அளவில் செய்து 2006-இல் வெளியிட்டார்கள். பேர் தெரியாத குழுக்களின் 48 பாட்டுகள், கேட்க வந்தவர்கள் 14,000-க்கு மேல். சிலருக்குப் பாட்டு மட்டும். மற்றவர்களை எட்டுக் கூட்டங்களாகப் பிரித்து, தங்கள் கூட்டத்தில் எந்தப் பாட்டை எத்தனை பேர் டவுன்லோடு செய்தார்கள் என்ற எண்ணிக்கையையும் காட்டினார்கள். எண்ணிக்கையைப் பார்த்த கூட்டங்களில் ஹிட் பாட்டு இன்னும் பெரிய ஹிட் ஆனது, ஆனால் எது ஹிட் என்பது கூட்டத்துக்குக் கூட்டம் மாறியது. ஒரு பாட்டு ஒரு கூட்டத்தில் முதலிடம், இன்னொன்றில் நாற்பதாவது. ரொம்ப நல்ல பாட்டு அடியோடு தோற்கவில்லை, ரொம்ப மோசமானது ஜெயிக்கவும் இல்லை. நடுவில் இருந்ததெல்லாம் சோழி உருட்டின மாதிரிதான். ஆகவே 'நல்லா இருக்கு, அதனால ஓடுது' என்பது பாதி சரி. மீதிப் பாதி என் கரும்பலகை.

"திரும்பத் திரும்பக் கேட்டா எதுவும் பிடிச்சிடுமாமே?"

ஓரளவு உண்மை. ராபர்ட் ஜயான்ஸ் என்பவர் 1968-இல் எழுதினார்: அர்த்தமே தெரியாத எழுத்தைக்கூட அடிக்கடி கண்ணில் காட்டினால் ஆட்களுக்கு அதன்மேல் ஒரு பிரியம் வந்துவிடுகிறது. எடுத்த எடுப்பிலேயே வெறுத்ததற்கு இது பலிப்பதில்லை, சில சமயம் வெறுப்புதான் கூடும். நம் ஊரில் இதற்குச் சோதனைச் சாலையே வேண்டாம். ஆடி மாதம் அம்மன் கோயில் குழாய் ஸ்பீக்கர் போதும். பக்கத்து வீட்டில் குடியிருந்து பாருங்கள், பத்தாம் நாள் பல் தேய்க்கும்போது அதே பாட்டை முணுமுணுப்பீர்கள்.

முதல் கேள்வி கேட்ட பையன் ஆறு மாதம் கழித்து வந்தான். "மாமா, அந்தப் பாட்டு இப்ப பிடிச்சுத் தொலைச்சிடுச்சு. இது என் ரசனையா, பழக்கமா?" நன்றாக மாட்டிக்கொண்டேன். யோசித்துவிட்டுச் சொன்னேன்: உன் அம்மா தாலாட்டும் பழக்கத்தில் வந்ததுதான், அதை வேண்டாமென்றா சொல்வாய்? எந்த வாசல் வழியாக வந்தது என்பது ஒன்று, வந்தது வீட்டில் தங்குகிறதா என்பது வேறொன்று. ஊர் அடுத்த பாட்டுக்குப் போன பிறகும் நீ இதைப் போட்டுக் கேட்டால் அது உன்னுடையது. ஒரு வருடம் பொறு.

"டிகிரி காபி பிடிக்காத கும்பகோணத்துக்காரி நான். வெளியூர்ல சொன்னா அடிக்க வர்றாங்க."

வாருங்கள், உங்களைப் போல எங்கள் தெருவில் நாலு பேர். சிக்கரியின் அந்தக் கனமான கசப்பு சிலருக்கு ஒத்துவராது. எனக்குக் காபி பிடிக்கும், சிக்கரி குறைவாக.

ஊர்ப் பெருமை என்று வந்துவிட்டால் நாக்குக்கு விடுமுறை கொடுத்துவிடுகிறார்கள். சென்னை-திருச்சி நெடுஞ்சாலையில் 'கும்பகோணம் டிகிரி காபி' என்று எத்தனை போர்டு! கும்பகோணத்துக்குள்ளேயே அவ்வளவு இருக்காது. பித்தளை டவரா இருந்தால் போதும் என்று ஆகிவிட்டது. நூறு வருடத்துக்கு முன்னால் இதே தஞ்சை ஜில்லாவில் காபி என்பது பெரியவர்கள் தலையில் அடித்துக்கொண்ட புதுப் பழக்கம். காலையில் பழையதும் நீராகாரமும் குடித்த வீட்டுக்குள் இந்தக் கறுப்புத் தண்ணி நுழைந்துவிட்டதே என்று புலம்பினார்கள். அன்றைக்குக் குடித்தவர் ஊரோடு ஒட்டாதவர், இன்றைக்குக் குடிக்காதவர் ஒட்டாதவர்.

"திருவையாறு ஆராதனைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. எல்லாரும் கண்ணை மூடி உருகுறாங்க. எனக்குப் பசிதான் எடுத்துச்சு. நான் ஞான சூன்யமா?"

தியாகராஜரின் பஞ்சரத்தினக் கீர்த்தனை ஐந்தும் பாடி முடிக்கக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆகும், காலை வேளை, தை மாதத்து ஆற்றங்கரைக் காற்று. பசிப்பது இயற்கை. நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ராகம் மாறுவது காதுக்குப் பிடிபடக் கொஞ்சம் நாள் ஆகும். உருகுகிறவர்களில் எத்தனை பேர் பக்கத்து ஆளைப் பார்த்து உருகுகிறார்கள் என்று கணக்கெடுக்க முடியாது, நானும் இளவயதில் அந்த வரிசையில் இருந்திருக்கிறேன். தொடையில் தாளம் போட்டுக்கொண்டே அது எந்தத் தாளம் என்று தெரியாமல் விழித்திருக்கிறேன்.

ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆதிகாலம் தொட்டு இப்படித்தான் என்று நாம் நினைக்கிற இந்தக் கூட்டுப் பாட்டு 1940களை ஒட்டித்தான் வழக்கமானது. அதற்கு முன்னால் ஆராதனைக் கோஷ்டிகள் தங்களுக்குள் பிரிந்து கிடந்தன, பெண்கள் பாட இடமில்லை. 1920களில் சொந்தப் பணத்தைப் போட்டுத் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாளுக்கே அங்கே பாட அனுமதி இல்லை. அவர் பெண்கள் கோஷ்டி ஒன்றைத் தனியாகச் சேர்த்து நடத்தினார். பிறகுதான் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். இன்றைக்கு 'எல்லோரும்' என்று நாம் சொல்லும் கூட்டத்துக்குள் இவ்வளவு சண்டை இருந்தது. அடுத்த தடவை சாப்பிட்டுவிட்டுப் போங்கள், ஆரபி வரும்போது மட்டும் காதைக் கொடுங்கள். அப்போதும் ஒட்டவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

"'உலகத்தோடு ஒட்ட ஒழுகல்'னு வள்ளுவரே சொல்லிட்டாரே. அப்புறம் என்ன தனி ரசனை?"

தமிழய்யாவின் பையன் கேட்டது, விவரமான கேள்வி. அந்தக் குறள் 140-ஆவது, ஒழுக்கமுடைமை அதிகாரத்தில் வருகிறது. நடத்தையைப் பற்றிச் சொன்னது. பக்கத்து வீட்டில் சாவு என்றால் ரேடியோவை நிறுத்து என்பது அதற்குள் அடங்கும். ரேடியோவில் உனக்கு எது பிடிக்க வேண்டும் என்பது அடங்காது.

ஊரோடு ஒட்டாமல் போன ஒருவர் பின்னாலேயே ஊர் போவதும் உண்டு. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898-1956) காலம் வரைக்கும் நாகஸ்வரம் என்றால் திமிரிதான், உச்ச ஸ்தாயியில் சீறும். அவர் நீளத்தைக் கூட்டிச் சுருதியைத் தணித்து, நரசிங்கம்பேட்டை ஆசாரியிடம் செய்வித்துப் பாரி நாயனத்தை எடுத்தார். குடுமியை எடுத்து கிராப் வைத்துக்கொண்டதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்றைக்குக் கல்யாண மண்டபத்தில் நமக்கு நாகஸ்வரமாகக் கேட்பது அந்தப் பாரிதான். ஒருவர் காதுக்குப் பிடித்தது ஊர்க்காதாகிவிட்டது.

"எனக்கு ஹிட் பாட்டு மட்டும்தான் பிடிக்குது. ரசனை கெட்டவனா நான்?"

இல்லவே இல்லை. பிடித்ததைப் பிடித்திருக்கிறது என்று சொல்கிறீர்கள், இதற்கு மேல் என்ன நேர்மை வேண்டும்.

"கூட்டத்துக்குப் பிடிச்ச எதுவுமே எனக்குப் பிடிக்காது. நான்தானே உண்மையான ரசிகன்?"

இந்தத் தம்பிகளிடம்தான் எனக்குக் கொஞ்சம் எரிச்சல். ஊர் தலையாட்டினால் நான் ஆட்டமாட்டேன் என்பதும் ஊரைப் பார்த்து ஆடுவதுதான், திசை மட்டும் எதிர். ஒரு பாட்டு ஹிட் ஆவதற்கு முன்னால் உங்களுக்குப் பிடித்திருந்து, ஹிட் ஆனதும் சலித்துவிட்டது என்றால் உங்களுக்குப் பிடித்தது பாட்டில்லை, தனியாக இருப்பது.

எதிர்க்கூட்டமும் கூட்டம்தான் என்பதற்கு எங்கள் அரிசியைப் பாருங்கள். என் தாத்தா காலத்தில் மோட்டா அரிசி சாப்பிட்டவர்கள், வெள்ளையாகச் சன்னமாக ஒரு பிடி கிடைக்காதா என்று ஏங்கினார்கள். அப்புறம் பொன்னி வந்தது, ஆந்திரா பொன்னி என்கிற பிபிடி 5204 வந்தது, எல்லோரும் அதற்கு மாறினோம். நெல் ஜெயராமன் ஊர் ஊராகப் போய்ப் பழைய ரகங்களைத் தேடிச் சேர்த்தபோது, திருத்துறைப்பூண்டியில் நெல் திருவிழா நடத்தியபோது, அது ஊர்ப்போக்குக்கு எதிரான வேலை. அவர் மேல் எனக்குப் பெரிய மதிப்பு. இப்போது என்ன ஆயிற்று? கருப்பு கவுனி பிடிக்கும் என்று சொல்லாவிட்டால் படித்தவர் வீட்டில் மரியாதை இல்லை. போன மாதம் ஒரு விருந்தில் கவுனி அல்வா வைத்தார்கள். எதிரே இருந்தவர் 'பிரமாதம்' என்று சொல்லிக்கொண்டே இலை ஓரத்துக்கு ஒதுக்கியதைப் பார்த்தேன். எனக்குப் பிடித்திருந்தது, இரண்டாவது தடவை கேட்டு வாங்கினேன். வீட்டில் சாதத்துக்கு எனக்குப் பொன்னிதான்.

"கல்யாண வீட்டுல, ஆபீஸ்ல இதையெல்லாம் சண்டை வராம எப்படிச் சொல்றது?"

தமிழில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. 'நல்லா இல்லை' என்றால் அது தீர்ப்பு, எதிரே இருப்பவர் ரசனையின் மேலேயே விழும். 'எனக்கு ஒட்டலை' என்றால் விஷயம் உங்களோடு நின்றுவிடும். திருவையாறு அசோகாவை நெய் சொட்டச் சொட்டக் கொண்டுவந்து, "சாப்பிட்டே ஆகணும் மாமா" என்று நிற்கும் சம்பந்தி வீட்டுப் பெண்ணிடம் போய் அசோகா தத்துவம் பேச வேண்டாம். "எனக்கு இனிப்பு அவ்வளவா இறங்காதும்மா, அந்தக் கடப்பா இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றால் முடிந்தது. பிடித்ததை ஒன்று சேர்த்துச் சொல்வதுதான் இதில் சூட்சுமம்.

தலை எழுத்து, அதையும் மீறி 'ஏன் பிடிக்கலை?' என்று துருவுவார்கள். காரணம் சொல்லியாக வேண்டும் என்று சட்டமில்லை.

"எங்க காலத்துப் பாட்டை என் பையன் காதுலயே வாங்க மாட்டேங்கிறான். என்ன பண்றது?"

இவ்வளவு நேரம் கூட்டத்தைப் பற்றிக் குறைப்பட்டோம். உங்கள் வீட்டில் அந்தக் கூட்டம் நீங்கள்தான். 'இதுதாண்டா பாட்டு' என்று சொல்லாமல் சமையலறையில் சும்மா ஓடவிடுங்கள். ஜயான்ஸ் சொன்னது வேலை செய்தாலும் செய்யும். அவன் கேட்பதில் ஒரு பாட்டை நீங்களும் முழுசாகக் கேளுங்கள், நடுவில் 'இதெல்லாம் ஒரு பாட்டா' என்று சொல்லாமல். இது கஷ்டம், எனக்கு இன்னும் கைவரவில்லை.

"அந்த ரெண்டு வாத்தியாரும் கடைசியில பேசிக்கிட்டாங்களா இல்லையா?"

இந்தக் கதையைச் சொன்னால் எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். 1994 என்று நினைவு, ஐப்பசி மழை. இரண்டு பேரும் ஒரே சாயங்காலம் கடைக்குள் ஒதுங்கிவிட்டார்கள். பரீட்சை, டிஏ அரியர்ஸ் என்று ஏதோ பேச்சு. சீட்டு இரண்டு பேர் சட்டைப் பையிலும் இருந்திருக்கும், ஒருவரும் எடுக்கவில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. இருவருமே பதியக் கேட்டிருந்த ஒரு பாட்டு இருந்தது. டெக்கில் அதைப் போட்டேன்.

கணக்கு வாத்தியார் பேச்சை நிறுத்தினார். வரலாற்று வாத்தியார் குடையை ரொம்ப நேரம் மடித்துக்கொண்டே இருந்தார். பல்லவி திரும்பி வரும்போது கண்ணாடிக் கல்லாமேல் நாலு விரல் தாளம் போட்டது. யாருடைய கை என்று முதலில் எனக்கே தெரியவில்லை.

"யாரு கேட்டதுப்பா இது?" என்றார் ஒருவர். "ஒரு கஸ்டமர் சார்" என்றேன். "நல்ல ஆளா இருக்கணும்" என்றார் இன்னொருவர், யாரையும் பார்க்காமல். அதற்குள் வலங்கைமான் பஸ் திரும்பும் சத்தம் கேட்டது, அவர் அதில் போக வேண்டியவர், மழையிலேயே ஓடினார். கணக்கு வாத்தியார் பாட்டு முடியும் வரை நின்றார்.